பதற்றத்துக்கு மாத்திரை ஆரம்பிக்கிறவர்களுக்கு, எனக்கு யாரும் சொல்லாமல் விட்டவை

காரைக்குடிப் பக்கம் மனப் பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. "நரம்புக்கு மாத்திரை", "தூக்கத்துக்கு மாத்திரை" என்றுதான் பேச்சு. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்ணோ பையனோ இருந்தால் அந்தப் பேச்சும் கிடையாது. பக்கத்தில் டாக்டர் இருந்தாலும் மதுரைக்கோ திருச்சிக்கோ போய்த்தான் பார்ப்பார்கள். இப்படி மூடி மூடி வைப்பதால் ஒருவர் பட்ட பாடு இன்னொருவருக்கு உதவாமல் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என்னை எழுப்பி உட்கார வைத்ததே மருந்துதான். ஆனால் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு நாளைக்கு, எப்படி நிறுத்துவது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்ததால் நான் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை.

எனக்கு ஆரம்பித்தது நெஞ்சில். பள்ளத்தூர் வீட்டில் நானும் ஆத்தாவும் மட்டும், பிள்ளைகள் சிங்கப்பூரில். ராத்திரி படுத்துக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தடதடவென்று அடிக்கும். உள்ளங்கை வேர்த்துச் சில்லிட்டுப் போகும், விரல் நுனி மரத்துவிடும், மூச்சு பாதியிலேயே நின்ற மாதிரி இருக்கும். இதோ செத்துவிடப் போகிறோம் என்று ஒரு பயம் வரும் பாருங்கள், அது வந்தவர்களுக்குத்தான் தெரியும். பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய், அரை மணி முக்கால் மணியில் தானாக இறங்கிவிடும். எழுபத்தைந்து வயது ஆத்தாவை எழுப்பிச் சொல்லவும் மனசு வராது. மாரடைப்பு என்றே நினைத்து, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில், கடைசியில் சிடி ஆஞ்சியோ வரை எடுத்தார்கள். கார் வாடகையோடு 38,000 ரூபாய் ஆனது. "ஹார்ட்ல ஒண்ணும் இல்ல, டென்ஷன்தான்" என்று சொல்லி ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சு படபடப்புக்கு இதயத்தைப் பார்ப்பது சரிதான், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் குறைந்த செலவில் முடிகிற ரத்தப் பரிசோதனைகளை விட்டுவிட்டுப் பெரிய ஸ்கேனுக்குத் தாவ வேண்டியதில்லை. தைராய்டு கூடினால் இதே படபடப்பு, இதே நடுக்கம், இதே தூக்கமின்மை வரும். டிஎஸ்ஹெச் பார்த்தால் தெரிந்துவிடும். ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், அதோடு சர்க்கரை, பி12. ஏற்கனவே சாப்பிடுகிற மருந்துகளையும் பார்க்க வேண்டும். சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபீனைல்எஃப்ரின், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்புட்டமால் இரண்டும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். காபியும் அப்படித்தான். ஈசிஜி காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் சிலருக்கு இதய மின்னோட்டத்தில் க்யூடி என்ற இடைவெளியை நீட்டும். ஆகவே மருந்துக்கு முந்தைய ஈசிஜி கையில் இருந்தால் மனநல மருத்துவருக்கு உதவும். இன்னொன்று, விரல் மரப்பதும் உதடு மரப்பதும் பக்கவாதம் இல்லையா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால் வருகிற மரப்பு அது. மூச்சை மெதுவாக, இழுப்பதைவிட விடுவதை நீளமாக விட்டால் குறையும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மரத்துப் போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ யோசிக்காமல் 108க்குக் கூப்பிட வேண்டும்.

எனக்குக் கொடுத்த சீட்டில் ஒரே ஒரு மாத்திரைதான் இருந்தது, 0-0-1, அதாவது ராத்திரி மட்டும் ஒன்று. ஒரு மாத்திரை என்றால் ஒரு மருந்து என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வோம். அதற்குள் இரண்டு இருந்தன. எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், குளோனாசெபாம் 0.5 மில்லிகிராம். நம் நாட்டில் மிகச் சாதாரணமாக எழுதப்படுகிற கூட்டு மாத்திரை இது. இரண்டும் வேலை செய்கிற விதம் வேறு, வேகம் வேறு, நிறுத்துகிற முறையும் வேறு. இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

குளோனாசெபாம், அல்பிரசோலம், லோரசெபாம், டயசெபாம் எல்லாம் பென்சோடயசெபின் என்ற ஒரே குடும்பம். மூளையில் காபா என்ற இயற்கையான அடக்கும் ரசாயனத்தின் வேலையைக் கூட்டிவிடும். எடிசோலம் கொஞ்சம் ஒட்டுவிட்ட உறவு, குணம் அதேதான். அரை மணி, ஒரு மணி நேரத்தில் பலன் தெரியும், அதனால் மனசு அதை நம்பிவிடும். ஆனால் சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடுகிறது. பிரிட்டனில் 1988லேயே மருந்துப் பாதுகாப்புக் குழு இவற்றை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. நம் ஊரில் வருஷக்கணக்கில் ஓடுகிறது. 0.5 என்பதைப் பார்த்து "அரைதானே, சின்ன டோஸ்" என்று நினைக்கக்கூடாது. டாக்டர்கள் பரவலாகப் பார்க்கும் ஒரு சமன்கணக்கின்படி குளோனாசெபாம் 0.5 மில்லிகிராம் சுமார் 10 மில்லிகிராம் டயசெபாமுக்குச் சமம். அல்பிரசோலம் 0.5ம் கிட்டத்தட்ட அதே. எண்ணில் இருக்கிற புள்ளியைப் பார்த்து மருந்தின் பலத்தை அளக்க முடியாது.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் எல்லாம் வேறு குடும்பம். இவை செரடோனின் வழியாக வேலை செய்கின்றன. பதற்ற நோய்க்கு நீண்ட நாள் மருந்து இதுதான். ஆனால் உடனே எதுவும் நடக்காது. இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் ஆகும் லேசாகத் தெரிய. முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம். சோதனை என்னவென்றால், முதல் வாரம் பத்து நாள் பதற்றத்தைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். உடம்பிலுள்ள செரடோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது, அதனால் வயிற்றைப் புரட்டும், பேதி போகும், தலை வலிக்கும், உள்ளுக்குள் ஒரு நிலைகொள்ளாத தவிப்பு இருக்கும், கனவுகள் விசித்திரமாக வரும். இதைச் சொல்லாமல் கொடுத்தால், மூன்றாம் நாளே "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள். என் அனுபவத்தில் வயிறு புரட்டல் முதலில் போனது, தூக்கம் கடைசியில் திரும்பியது. சாப்பிட்டதும் போட்டால் குமட்டல் குறையும். தூக்கத்தைக் கெடுத்தால் காலைக்கு மாற்றலாம், தூங்கி வழிந்தால் ராத்திரிக்கு மாற்றலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு. ஒடுங்கிய உடம்பு, வயதானவர்கள், ரொம்பப் பயந்தவர்கள் 5 மில்லிகிராமில் ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து 10க்குப் போவது நல்லது. டாக்டர்களும் அப்படித்தான் தொடங்குவார்கள், கேட்டால். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை போட வைத்திருக்கிறது, சிறுவர்களுக்கு 2004இலும் 24 வயது வரையிலான இளைஞர்களுக்கு 2007இலும். ஆகவே கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த மருந்து ஆரம்பித்தால் முதல் மாதம் விடுதியில் தனியாக விடாமல் யாராவது கூட இருப்பது முக்கியம். குடும்பத்தில் யாருக்காவது அளவுகடந்த உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மருந்து அதைக் கிளப்பிவிடும்.

இந்த ஆரம்பத் தவிப்பைத் தாண்டுவதற்காகத்தான் கொஞ்ச நாளைக்கு குளோனாசெபாமைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது சரியான யோசனைதான். நான்கு வாரம் போனதும் வேகமானதை மெல்ல எடுத்துவிட்டு மெதுவானதைத் தொடர வேண்டும். கூட்டு மாத்திரையில் அதைச் செய்யவே முடியாது. ஒன்றைத் தொட்டால் மற்றதும் சேர்ந்துவரும். முதல் சீட்டிலேயே "டாக்டர், இரண்டையும் தனித்தனி மாத்திரையா எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நன்றாகத்தான் ஆனது. நெஞ்சு அடங்கியது, தூங்கினேன், குன்றக்குடிப் படி ஏறி இறங்கினேன். சீட்டில் எத்தனை மாதம் என்று எழுதவில்லை, மறுபடி வரச் சொல்லவும் இல்லை. பழைய சீட்டை நீட்டினால் கடையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குளோனாசெபாம், அல்பிரசோலம், டயசெபாம் எல்லாம் 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. அட்டையில் சிவப்பு எழுத்தில் என்ஆர்எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். அல்பிரசோலம், டயசெபாம், தூக்கத்துக்கான சோல்பிடெம் முதலியவை 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த ஹெச்1 அட்டவணையிலும் இருக்கின்றன. அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டப்படி சீட்டு இல்லாமல் தரக்கூடாது. இது நமக்குத் தொந்தரவு என்று நினைக்கிறோம், ஆனால் நம்மைப் பாதுகாக்கிற ஏற்பாடு அது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன், "அண்ணே, அது ஸ்டாக் இல்ல. இதும் அதே கம்பெனி, அதே மருந்துதாண்ணே" என்று வேறு அட்டை கொடுத்தான். பெயரும் அதேதான். பழைய அட்டையில் பெயருக்குப் பின்னால் 'ப்ளஸ்' என்று ஒட்டு இருந்தது, இதில் இல்லை. அந்த ப்ளஸ்தான் குளோனாசெபாம். எஸ்சிட்டலோபிராம் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்க, மாதக்கணக்காகச் சாப்பிட்ட குளோனாசெபாம் ஒரே ராத்திரியில் நின்றுபோனது, எனக்கே தெரியாமல்.

குளோனாசெபாம் உடம்பைவிட்டு மெதுவாக வெளியேறும். பாதி குறையவே 30, 40 மணி நேரம் ஆகும். அதனால் முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தூக்கம் சுத்தமாகப் போனது. கை நடுங்கியது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பட்டாசுச் சத்தத்துக்குக் குழந்தை மாதிரி உடம்பு தூக்கிப் போட்டது. ஆத்தா பாத்திரத்தைத் தரையில் வைத்தால் அந்த ஓசைக்கே அழுகை வந்தது. வியாதி முற்றிவிட்டது, இனி மீளவே முடியாது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்ல முடியாமல் முகப்பில் உட்கார்ந்து விடிய விடிய தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ராத்திரிகளை எனக்கு எதிரி என்று யாராவது இருந்தால் அவருக்குக்கூட வேண்டமாட்டேன். மறுபடி இதய டாக்டர், மறுபடி ஈசிஜி, ட்ரிப்ஸ், இன்னொரு 11,000 ரூபாய். அங்கேயும் யாரும் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

திருச்சியில் ஒரு மனநல மருத்துவர்தான் "ரெண்டு அட்டையும் கொண்டு வாங்க" என்றார். பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். வியாதி திரும்புவதற்கும் மருந்து நின்றதால் வருவதற்கும் வித்தியாசம் பார்க்க அவர் சொன்ன அடையாளங்கள் இவை. மருந்து நின்றதால் வருவது, மாத்திரை மாறிய சில நாளில், சடாரென்று வரும். அல்பிரசோலம் மாதிரிக் குறுகிய மருந்தாக இருந்தால் ஒரே நாளில்கூட. முன்பு இல்லாத புதுத் தொல்லைகளைக் கொண்டு வரும்: வெளிச்சக் கூச்சம், சத்தக் கூச்சம், காதில் இரைச்சல், நடுக்கம், வேர்வை. பழைய டோஸ் கொடுத்தால் மளமளவென்று இறங்கும். வியாதி திரும்புவது வாரக்கணக்கில் மெல்ல ஏறும், பழைய முகத்தோடேயே வரும். பென்சோடயசெபினை நிறைய டோஸில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது, ஆஸ்பத்திரிதான்.

எஸ்சிட்டலோபிராம் வகை திடீரென்று நின்றால் வருவது வேறு மாதிரி. கிறுகிறுப்பு, எரிச்சல், காரணமில்லாத அழுகை, தலைக்குள் கரண்ட் ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு, அதுவும் கண்ணைத் திருப்பும்போது. பராக்சிடினில் இது கடுமையாக இருக்கும். ஃபுளுவாக்சிடின் உடம்பில் வெகுநாள் தங்குவதால் அதில் குறைவு. உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் பயமுறுத்தும்.

நிறுத்திய விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்வதில்லை. முதலில் நிறுத்தவே இல்லை. பழைய அளவுக்கே திரும்பி, ஆனால் தனித்தனி மாத்திரையாக: எஸ்சிட்டலோபிராம் 10, குளோனாசெபாம் 0.5. உடம்பு அமைதியாகும் வரை அப்படியே. அதன் பிறகுதான் திருச்சி டாக்டர் குளோனாசெபாமில் கை வைத்தார். கடையில் 0.25 மாத்திரை கிடைக்கும். ராத்திரிக்கு அதில் ஒன்றும் அரையும் சேர்த்து 0.375. சில வாரம் கழித்து 0.25. பிறகு அரை மாத்திரை, 0.125. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று சிலர் சொல்வார்கள். அது வேண்டாம், ஒருநாள் ஏற்றமும் ஒருநாள் இறக்கமுமாக உடம்பு அலைபாயும், தினமும் கொஞ்சமாகக் குறைப்பதே மேல் என்றார். 2025இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் இதைவிட மெதுவாகவே போகச் சொல்கிறது. தொடக்கத்தில் 5 முதல் 10 சதவீதம் குறைத்து, இரண்டிலிருந்து நான்கு வாரம் பார்த்து, பிறகு அடுத்த படி. இரண்டு வாரத்துக்குள் 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு படியில் தொல்லை அதிகமானால் அங்கேயே நின்று காத்திருக்கலாம், மேலே ஏற வேண்டியதில்லை. இதெல்லாம் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டியது. என் கணக்கை அப்படியே இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது. டோஸ், வயது, கல்லீரல், கூட இருக்கிற மருந்து எல்லாவற்றையும் பொறுத்தது.

மாத்திரையை உடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. நகத்தால் ஒடித்தால் ஒரு பாதி பெரிதாகவும் ஒரு பாதி பொடியாகவும் போகும். மருந்துக் கடையில் சின்னப் பெட்டி மாதிரி மாத்திரை வெட்டி கிடைக்கும், வாங்கிவிடுங்கள். நாக்கில் கரைகிற வகையை வெட்டினால் உதிர்ந்துவிடும், வெட்டுவதற்குச் சாதாரண வகையைக் கேட்டு வாங்க வேண்டும். எஸ்ஆர், சிஆர், எக்ஸ்ஆர் என்று பெயர் முடிகிற மாத்திரைகளை டாக்டரிடமோ கடையிலோ கேட்காமல் உடைக்கக் கூடாது. நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடலாம். எஸ்சிட்டலோபிராமை இப்போதைக்குத் தொடரச் சொன்னார். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் தொடர்ந்தால்தான் வியாதி திரும்புவது குறையும். அதை நிறுத்தும்போதும் 10, 5, 2.5 என்று இறங்க வேண்டும். குறைந்த டோஸே மூளையில் நிறைய வேலை செய்கிறது, அதனால் கடைசிப் படிகளில்தான் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

கடையில் வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒவ்வொரு மாத்திரையிலும் என்னென்ன எவ்வளவு என்று போட்டிருக்கும். மருந்துப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். போன மாதம் இரண்டு, இந்த மாதம் ஒன்று என்றால் வாங்காதீர்கள். ப்ளஸ், ஃபோர்ட், எல்எஸ், பீட்டா போன்ற ஒட்டுகள் எல்லாமே உள்ளே ஏதோ மாறியிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஐந்து, ஆறு மாத்திரைக்கு அட்டையை வெட்டித் தருவார்கள். அப்போது மருந்துப் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். முழு அட்டையாக வாங்குங்கள், பில் கேளுங்கள். முந்தின அட்டையை, காலியானாலும், அடுத்தது வாங்கும் வரை வைத்திருங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய்விடுங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் இன்னும் முன்னால். சீட்டில் எஸ்ஓஎஸ் என்று இருந்தால் தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள், தினமும் போடுவதற்கல்ல.

கூட சாப்பிடுகிற மருந்துகளை ஒரு தாளில் எழுதி எல்லா டாக்டரிடமும் காட்டுங்கள். முட்டிவலிக்கு டிரமடால் எழுதுவார்கள். எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்தால் செரடோனின் அளவுக்கு மீறி ஏறி ஜுரம், நடுக்கம், குழப்பம் வரலாம். பென்சோடயசெபினோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும். அதைவிட மோசம் மது. பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிற வயதானவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம் சோடியத்தைக் குறைத்துவிடும். திடீரென்று தள்ளாட்டம், குழப்பம், ஓயாத சோர்வு என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் சோடியம் பார்க்க வேண்டும். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ கூட இருந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். சில சீட்டுகளில் புரோபிரனோலால் சேர்ந்த மாத்திரை இருக்கும். படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கும், ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையே மறைத்துவிடும். அதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. தாம்பத்தியத்தில் ஆசை குறைவது, உச்சம் தாமதமாவது எஸ்சிட்டலோபிராம் வகையில் சகஜம். நம் ஊரில் டாக்டரும் கேட்க மாட்டார், நாமும் சொல்ல மாட்டோம், மருந்தை மட்டும் ரகசியமாக நிறுத்திவிடுவார்கள். சொன்னால் டோஸையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் உங்கள் மாத்திரையைத் தூக்கத்துக்கென்று அவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் ஓர் ஆயாவுக்கு அப்படித்தான் கொடுத்து, ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவர் வளவுக்குள் இறங்குகிற படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பென்சோடயசெபின் முதியவர்களுக்குத் தள்ளாட்டத்தையும் மறதியையும் தரும், மறுநாள் பகல் வரை நிற்கும். நம் வீடுகளோ அதற்கென்றே அமைந்த மாதிரி: வழவழவென்று ஆத்தங்குடிக் கல், உயரமான நிலைப்படி, முற்றத்துக்கு ஒரு அடி இறக்கம், இரண்டாங்கட்டைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் கழிப்பறை. டாக்டரே எழுதியிருந்தாலும் கட்டில் பக்கத்தில் ஒரு விளக்கு, படியோரத்தில் பிடிமானம், முடிந்தால் ராத்திரிக்கு அறைக்குள்ளேயே கழிப்பறை வசதி செய்துவிட வேண்டும். இரு சக்கர வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே. காலையில் தலை பாரமாக இருந்தால் தேவகோட்டைக்குப் பஸ்ஸில் போங்கள்.

பணம் இல்லை என்று யாரும் மருந்தை விட வேண்டாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவதுண்டு, எந்தக் கிழமை என்று அரசு மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கம்பெனிப் பெயர் இல்லாத மருந்து மலிவாகக் கிடைக்கும். கேட்கும்போது மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண், ராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம். விஷயம் வெளியே போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை. மாத்திரையோடு சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையும் எடுத்தால் மருந்தை நிறுத்தும்போது கால் ஊன்ற இடம் இருக்கும். படபடப்பு வரும்போது ஓடாமல் அதோடு உட்காரக் கற்றுக் கொடுக்கிறார்கள். எனக்கு மாத்திரை செய்யாததை அது செய்தது.

நம் பக்கத்துக்காரர்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போய்வருகிறவர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பென்சோடயசெபின் வகை மாத்திரைகளைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி தேவைப்படும். ஐக்கிய அரபு அமீரகத்திலும் இணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் போடும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள்: கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர். மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, கைப்பையில் வையுங்கள், பெட்டி தொலைந்தால் மருந்தும் நின்றுவிடும். தங்கும் நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துப்போனால் போதும். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே ராத்திரி 9.30க்குப் போடுகிற மாத்திரை அங்கே 12 மணிக்கு வரும். முதல் நாளே அங்கத்திய 9.30க்கு மாற்றிக்கொள்ளலாம், எஸ்சிட்டலோபிராமுக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது.